கடற்கரை யாருடையது? ‘தனியார் கடற்கரை’ பலகையும் நிலச் சட்டமும்

பள்ளி விடுமுறையும் நீண்ட வார இறுதியும் சேர்ந்து வந்துவிட்டால் போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. கோலாலம்பூர், கிள்ளான், காஜாங் பக்கமிருந்து கார்கள். லிங்கி, சிலியாவ் தோட்டப்புறங்களிலிருந்து வேன்களும் வாடகைப் பேருந்துகளும். தாத்தா, பாட்டி, பிள்ளைகள், ஒரு பெரிய சட்டி பிரியாணி, சுருட்டிய பாய் என்று குடும்பமே கிளம்பி வருகிறது. தெலுக் கெமாங் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை, கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்று சாலையோரமாகத் தேடும்போதுதான் பலருக்கு ஒன்று புரிகிறது. கடல் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குப் போகும் வழிதான் தெரியவில்லை.

சாலைக்கும் கடலுக்கும் நடுவே தங்கும் விடுதிகள், அடுக்குமாடி வீடுகள், வேலி போட்ட மனைகள், சில இடங்களில் இராணுவ முகாம்கள். பினாங்கு பத்து பிரிங்கியிலும் இதே அமைப்புதான். பெரிய விடுதிகள் சாலையின் கடல் பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. இடையிடையே உள்ள ஒடுங்கிய சந்துகள்தான் வெளியாட்களுக்கு வழி. உள்ளூர்க்காரருக்கு அந்தச் சந்துகள் தெரியும். ஈப்போவிலிருந்தோ சுங்கை சிப்புட்டிலிருந்தோ வருடத்திற்கு ஒருமுறை வருபவருக்குத் தெரியாது.

அப்படியே தேடிப்பிடித்து மணலில் இறங்கினாலும் கேள்விகள் முடிவதில்லை. ‘விடுதி விருந்தினர்களுக்கு மட்டும்’ என்று ஒரு பலகை. சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போட்ட இடத்தில் உட்காரக்கூடாது என்று ஒரு பாதுகாவலர். சொந்தப் பாயை விரித்தால், இங்கே வாடகைப் பாய் எடுத்தால்தான் உட்காரலாம் என்று சொல்லும் ஒரு வியாபாரி. இவர்களில் யார் சொல்வது சட்டப்படி சரி? யார் சொல்வது வெறும் பழக்கம்?

‘கடற்கரை எல்லாருக்கும் பொது’ என்ற ஒரே வரி பதில் போதாது. அந்தப் பதில் பாதிதான் உண்மை.

ஈர மணல், காய்ந்த மணல்

தீபகற்ப மலேசியாவில் நிலம் தொடர்பான அடிப்படைச் சட்டம் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம். சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனி நிலச் சட்டங்கள் உள்ளன. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் வருவதால், போர்ட்டிக்சன் மணல் பற்றிய முடிவு நெகிரி செம்பிலான் அரசிடமும், பத்து பிரிங்கி மணல் பற்றிய முடிவு பினாங்கு அரசிடமும் இருக்கிறது. புத்ராஜெயா நேரடியாக ஒன்றும் செய்துவிட முடியாது.

இந்தச் சட்டம் கடற்கரையில் ஒரு கோடு போடுகிறது. அமாவாசை, பௌர்ணமியையொட்டி வரும் வழக்கமான பெரிய நீரேற்றத்தின்போது கடல் நீர் எதுவரை ஏறுமோ, அதுதான் கரைக்கோடு. அந்தக் கோட்டிலிருந்து, அதே பெரிய ஏற்ற நாட்களில் நீர் எதுவரை வற்றி இறங்குமோ அதுவரை உள்ள நிலம், அதாவது அலை ஏறி இறங்கும் மணல், யாருக்கும் கெரான் கொடுக்கப்படாதவரை மாநில அரசின் நிலம். எளிதாகச் சொன்னால் ஈர மணல் அரசுடையது.

கோட்டுக்கு மேலே உள்ள காய்ந்த மணல் வேறு கதை. அது அரசு ஒதுக்கீட்டு நிலமாக இருக்கலாம். நகராண்மைக் கழகம் பராமரிக்கும் பொழுதுபோக்கு இடமாக இருக்கலாம். விடுதியின் கெரானுக்குள் அடங்கிய சொந்த நிலமாகவும் இருக்கலாம். வெறும் கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மணலில் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று நிலஅளவை வரைபடம்தான் சொல்லும். ஆகவே ‘இது எங்கள் இடம்’ என்று ஒரு விடுதி சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. புல்தரையும் தென்னை மரமும் உள்ள பகுதியைப் பற்றிச் சொன்னால் பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். கால் நனையும் இடத்தைப் பற்றிச் சொன்னால், பெரும்பாலும் உண்மையாக இருக்காது.

‘பெரும்பாலும்’ என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஈர மணலையும், ஏன் கடலடி நிலத்தையும்கூட மாநில அரசு விரும்பினால் தனியாருக்குக் கொடுக்கலாம். சட்டம் போடும் வரம்பு, அதை 99 ஆண்டுகளுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பதுதான். கடலுக்குள் தூண் நட்டுக் கட்டிய விடுதி அறைகளும், கடலைத் தூர்த்து எழுப்பிய அடுக்குமாடிகளும் இப்படித்தான் சாத்தியமாகின்றன. பினாங்கில் கர்னி கடலோரச் சாலையில் மாலையில் காற்று வாங்கப் போனவர்களுக்கு இது நேரில் தெரியும். கடல் இருந்த இடத்தில் இப்போது மண். அங்கே மாநில அரசு பொதுப் பூங்கா ஒன்றையும் சேர்த்துக் கட்டியது. எல்லா இடத்திலும் அப்படி ஈடு கிடைக்கும் என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தேசிய நிலச் சட்டம் ஈர மணலை ‘மக்களுடையது’ என்று சொல்லவில்லை. ‘மாநில அரசுடையது’ என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. மக்கள் அங்கே நடப்பதையும் குளிப்பதையும் அரசு காலங்காலமாக அனுமதித்து வருகிறது. தடுக்கும் உரிமை பக்கத்து விடுதிக்கு இல்லை. ஆனால் அந்த நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பேனா அரசின் கையில் இருக்கிறது.

கோடு நகர்ந்தால்?

கடற்கரை நிற்கும் பொருள் அல்ல. ஒரு பக்கம் அரித்துக்கொண்டு போகும், இன்னொரு பக்கம் மணல் சேர்க்கும். கடல் உள்ளே வந்து விடுதியின் நிலத்தில் ஒரு பகுதியை விழுங்கினால், அந்தப் பகுதி கெரானிலிருந்து போய் அரசு நிலமாகிறது. கடல் பின்வாங்கிப் புதிதாக மணல் வெளிப்பட்டால், அதுவும் விடுதிக்குச் சேராது, அரசுக்கே. கடல் எப்படி நகர்ந்தாலும் லாபம் அரசுக்குத்தான். விடுதிக்காரர்கள் கல்லணை கட்டித் தங்கள் நிலத்தைக் காப்பாற்றத் துடிப்பதற்கு அலை மட்டும் காரணமல்ல, இந்தச் சட்டப் பிரிவும் ஒரு காரணம். ஆனால் கல்லணை கட்டினால் அதன் முன்னால் உள்ள மணலை அலை அடித்துக்கொண்டு போய்விடும் என்பது கடலோரப் பொறியியலில் நன்கு தெரிந்த விஷயம். கடைசியில் விருந்தினருக்கும் மணல் இல்லை, வெளியாளுக்கும் மணல் இல்லை.

இதை முன்கூட்டியே தடுக்கத்தான் நீர்ப்பாசன வடிகால் துறை 1997-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. மணல் கடற்கரை என்றால் பெரிய ஏற்றக் கோட்டிலிருந்து 60 மீட்டர், சதுப்புக் கரை என்றால் 400 மீட்டர் தள்ளித்தான் கட்டடம் எழுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். நோக்கம் அரிப்பைத் தடுப்பது. மக்களுக்கு வழி விடுவது அதில் கிடைக்கும் பக்கப் பலன்தான். இது வழிகாட்டியே தவிர நிலச் சட்டம் அல்ல. அதற்கு முன்னரே கட்டப்பட்ட விடுதிகள் நிறைய. பத்து பிரிங்கியின் பெரிய விடுதிகள் பல 1970-களிலிருந்தே எழுந்தவை.

அமாவாசையும் ஆயிரம் பேரும்

கடற்கரைத் தகராறு என்றாலே சுற்றுலா, குளியல், பொழுதுபோக்கு என்றுதான் பேசப்படுகிறது. மலேசியத் தமிழர்களுக்குக் கடல் அது மட்டுமல்ல. ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கடற்கரைக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. இறந்தவரின் அஸ்தியைக் கரைக்கக் கடலைத் தேடிப் போகிறோம். பினாங்கு தெலுக் பஹாங்கில் சிங்கமுகக் காளியம்மன் ஆலயத்தின் மாசி மகத் தெப்பத் திருவிழாவுக்குக் கடற்கரையே திருவிழா மைதானம். சித்ரா பௌர்ணமிக்கு நீராடச் செல்வோரும் இருக்கிறார்கள்.

இந்த நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொருத்தம் தெரியும். ஆடி அமாவாசை அமாவாசையில். மாசி மகமும் சித்ரா பௌர்ணமியும் முழுநிலவை ஒட்டி. நாம் கூட்டமாகக் கடலுக்குப் போகும் நாட்கள், கடல் மிக உயரமாக ஏறும் நாட்களாகவே அமைந்துவிடுகின்றன. சட்டம் போடும் கரைக்கோடும் அதே நாட்களின் நீர்மட்டத்தை வைத்துத்தான். மலாக்கா நீரிணையில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றுகிறது. பெரிய ஏற்றத்தின் உச்ச நேரத்தில் அரசுக்குச் சொந்தமான ஈர மணல் முழுக்க நீருக்குள் போய்விடும். நிற்க மிச்சமிருப்பது காய்ந்த மணல்தான். அது விடுதியின் கெரானில் இருந்தால், அந்த ஒன்றிரண்டு மணி நேரத்திற்குப் பொதுமக்களுக்கான கடற்கரை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

தர்ப்பணம் கொடுக்க வந்த குடும்பம் விடுதிச் சுவரோரம் ஒதுங்கி நிற்பதும், பாதுகாவலர் வந்து நகரச் சொல்வதும் வெறும் திமிரால் வரும் சண்டை அல்ல. இரு தரப்பும் தங்களிடம் நியாயம் இருப்பதாக நினைக்கும் இடம் அது. ஈமச் சடங்குக்குச் செல்வோர் அன்றைய நீரேற்ற அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றத் தொடங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். ஏற்ற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன தடவை போன நேரத்திற்கே இந்தத் தடவையும் போனால் மணல் இருக்கும் என்று நம்ப முடியாது.

மணல் இருக்கிறது, வழி எங்கே?

ஈர மணலில் உட்கார யாரும் தடுக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். அதை அடைய விடுதியின் கார் நிறுத்துமிடத்தைக் கடந்துதான் போக வேண்டும் என்றால்? கார் நிறுத்துமிடம் தனியார் நிலம். அங்கே ‘வெளியாட்கள் நுழையக்கூடாது’ என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. கடற்கரைத் தகராறுகளில் பெரும்பாலானவை உண்மையில் மணலைப் பற்றியவை அல்ல, பாதையைப் பற்றியவை.

இதற்கு உலக அளவில் பேசப்பட்ட எடுத்துக்காட்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள மார்ட்டின்ஸ் பீச். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, செங்குத்தான பாறைகளுக்கு நடுவே உள்ள சிறிய கடற்கரை அது. நிலவழியாக அங்கே இறங்க ஒரே ஒரு சாலைதான். முன்பிருந்த குடும்பம் பல ஆண்டுகளாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டிகளை உள்ளே விட்டது. 2008-இல் அந்த நிலத்தை 3 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கியவர், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும் இந்தியாவில் பிறந்தவருமான கோடீஸ்வரர் வினோத் கோஸ்லா. பிறகு சாலையின் கேட் பூட்டப்பட்டது.

கலிபோர்னியாவிலும் ஈர மணல் பொதுச் சொத்துதான். அதை கோஸ்லா தரப்பு மறுக்கவில்லை. எங்கள் சாலையில் நடக்க உங்களுக்கு உரிமையில்லை என்பதே வாதம். அலைச்சறுக்கு விளையாட்டினரின் சர்ஃப்ரைடர் அமைப்பு வழக்குப் போட்டது. 2014-இல் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு கவனிக்கத்தக்கது. சாலை யாருடையது என்ற கேள்விக்குள் அது போகவில்லை. மக்கள் கடலுக்குச் செல்லும் அளவை மாற்றும் எந்தச் செயலும் 1976-ஆம் ஆண்டின் கடலோரச் சட்டப்படி ‘மேம்பாட்டு வேலை’ ஆகும்; கேட்டைப் பூட்டுவதற்கும் முன் அனுமதி வாங்க வேண்டும்; வாங்கவில்லை, ஆகவே தவறு. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2018 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோஸ்லாவின் மனுவை ஏற்க மறுத்தது. ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. மக்களுக்கு அந்தச் சாலையில் நிரந்தர உரிமை உண்டா என்பதைத் தீர்க்க 2020-இல் மாநில அமைப்புகளே வழக்குத் தொடுத்தன. ஒரு கேட்டுக்காக இத்தனை ஆண்டுகள்!

நம் நாட்டில் கேட்டைப் பூட்டுவதையே ‘மேம்பாட்டு வேலை’ என்று பார்க்கும் அப்படியொரு கடலோரச் சட்டம் இல்லை. ஆனால் தேசிய நிலச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. தனியார் நிலத்தின் வழியாகப் பொதுமக்களுக்கான பாதை ஒன்றை ஏற்படுத்தும் அதிகாரம் மாவட்ட நில நிர்வாகிக்கு உண்டு. எதை அடைய அப்படிப் பாதை கொடுக்கலாம் என்று சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: பொதுச் சாலை, இரயில் நிலையம், ஆறு, கடற்கரையின் அலை ஏறி இறங்கும் நிலம். தோட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட வீட்டுமனைக்கு வழி கேட்டு நில அலுவலகத்துக்கு அலைந்தவர்கள் இந்தப் பகுதியின் தனியார் பாதைப் பிரிவை அறிந்திருக்கலாம். அதன் பக்கத்திலேயே பொதுப் பாதைக்கான பிரிவும் இருக்கிறது. அதை யாராவது எழுத்தில் கேட்டால்தான் அது அசையும்.

இன்னொரு வாய்ப்பு, விடுதி கட்டும்போதே வருகிறது. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி திட்ட அனுமதி கொடுக்கும்போது ஊராட்சி மன்றம் நிபந்தனைகள் போடலாம். கடலுக்கு இத்தனை அடி அகலப் பாதை விட வேண்டும் என்பதும் அப்படியொரு நிபந்தனையாக இருக்கலாம். விடப்பட்ட பாதை பிறகு குப்பைத்தொட்டி வைக்கும் இடமாகவோ, விடுதியின் பின்வாசலாகவோ மாறிவிடுவதும் உண்டு. பாதையின் நுழைவில் ஒரு பலகைகூட இல்லாதபோது அது பாதை என்று யாருக்குத் தெரியும்?

விடுதிக்காரரும் வியாபாரியும்

விடுதிகளின் பக்கத்திலும் கேட்க வேண்டியது இருக்கிறது. அலை கொண்டுவந்து போடும் குப்பையைத் தினமும் காலையில் அள்ளுவது பல இடங்களில் அவர்களுடைய ஊழியர்கள்தான். இரவில் தீ மூட்டி இறைச்சி சுட்டு, உடைந்த போத்தலை மணலில் புதைத்துவிட்டுப் போகும் கூட்டத்தால் மறுநாள் கால் கிழிவது ஒரு குழந்தைக்கு. ஒரு இரவுக்கு நூற்றுக்கணக்கான ரிங்கிட் கொடுத்துத் தங்கும் விருந்தினர் அமைதியை எதிர்பார்க்கிறார். இந்தக் கவலைகள் நியாயமானவை. அவற்றுக்குத் தீர்வு குப்பைக்கும் சத்தத்திற்கும் எதிரான நடவடிக்கையே தவிர, அரசு மணலில் வேலி போடுவது அல்ல. அனுமதியின்றி அரசு நிலத்தை ஆக்கிரமிப்பதும், வேலி அடைப்பதும் தேசிய நிலச் சட்டப்படி குற்றம். அதற்கு அபராதமும் சிறையும் உண்டு. வேலி போட்டவர் நட்சத்திர விடுதியா, புறம்போக்கில் குடிசை போட்டவரா என்று சட்டம் பார்ப்பதில்லை. நடைமுறையில் எது சீக்கிரம் இடிக்கப்படுகிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

பாய், குடை, டியூப் வாடகைக்கு விடும் சிறு வியாபாரிகளுடனான வாக்குவாதம் வேறு வகை. அவர்களில் பலர் உள்ளூர்வாசிகள். விடுமுறை நாட்களில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்ட வேண்டும். அவர்கள் சொல்வது சரியா என்பது கையில் என்ன உரிமம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நகராண்மைக் கழகம் கொடுத்தது வியாபார உரிமம் என்றால், பாயை வாடகைக்கு விடலாம், அவ்வளவுதான். மணலை வாடகைக்கு விட முடியாது. சொந்தப் பாயுடன் வந்தவரை எழுப்ப அந்தக் காகிதம் உதவாது. நில அலுவலகம் கொடுத்த தற்காலிக நில உரிமம் என்றால், அதில் குறிக்கப்பட்ட அளவுள்ள இடத்தை மட்டும் அவர் பயன்படுத்தலாம்.

இந்தத் தற்காலிக உரிமத்தை, டி.ஓ.எல். என்ற பெயரில் நம்மவர்கள் நன்றாகவே அறிவார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறி அரசு நிலத்தில் வீடு கட்டியவர்களும், பல ஆலய நிர்வாகங்களும் அதோடு காலம் தள்ளியிருக்கிறார்கள். ஆண்டு முடிவில் காலாவதியாகும், புதுப்பித்தால்தான் உண்டு, நிரந்தர உரிமை எதையும் தராது. கடற்கரையில் நாற்காலி போடும் விடுதிக்கும் இதே விதிதான். எழுபது நாற்காலி போட்டிருந்தாலும், அந்த இடம் அரசு மணல் என்றால், காகிதம் ஒரு வருடத்திற்கு மட்டுமே.

கிரேக்க நாட்டில் 2023 கோடையில் இந்த நாற்காலி விவகாரம்தான் தெருவுக்கு வந்தது. பாரோஸ் தீவில், துண்டு விரிக்கக்கூட இடமில்லாமல் கடற்கரை முழுக்க வாடகை நாற்காலிகள் நிறைந்துவிட்டன என்று உள்ளூர் மக்கள் கடற்கரையிலேயே கூடிப் போராடினார்கள். ‘துண்டு இயக்கம்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. மற்ற தீவுகளுக்கும் பரவியது. 2024-இல் கிரேக்க அரசு புதுச் சட்டம் கொண்டுவந்தது. கடற்கரையின் 70 விழுக்காடு நாற்காலி, குடை இல்லாமல் காலியாக இருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் 85 விழுக்காடு. அலையோரத்திலிருந்து 4 மீட்டருக்குள் எதுவும் போடக்கூடாது. மீறல்களைப் பொதுமக்களே கைப்பேசிச் செயலி வழியாகப் புகார் செய்யலாம். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதையும் அந்தச் செயலியிலேயே பார்க்கலாம். நம் ஊருக்குப் பொருந்தக்கூடியது இந்தக் கடைசி விஷயம். உரிமத்தின் அளவு ஒரு பலகையில் எழுதி மணலில் நட்டிருந்தால் வாக்குவாதம் எழாது.

நெருக்கடி எங்கிருந்து வருகிறது

போர்ட்டிக்சன் கடற்கரையில் மொத்த மணலின் அளவைப் பார்த்தால் கூட்டம் அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டியதில்லை. கழிப்பறை, குளிக்க நல்ல தண்ணீர், வண்டி நிறுத்துமிடம், சாப்பாட்டுக் கடை ஆகிய நான்கும் சேர்ந்து இருக்கும் இடங்கள் சில மட்டுமே. எல்லாரும் அங்கேதான் குவிகிறார்கள். தோட்டப்புறத்திலிருந்து நாற்பது பேர் ஒரே பேருந்தில் வந்தால், பேருந்து நிறுத்த இடமில்லாத கடற்கரை அவர்களுக்கு மூடிய கடற்கரைதான். காரில் வருபவர் சந்து தேடி நடப்பார். பாட்டியையும் பிரியாணிச் சட்டியையும் தூக்கிக்கொண்டு யார் சந்து தேடுவது?

நெருக்கடி தாங்காமல் பாறைப் பக்கமோ ஆள் நடமாட்டமில்லாத மூலைக்கோ போய்க் குளிப்பது அடுத்த ஆபத்து. அங்கே உயிர்காப்பாளர் இருக்கமாட்டார். எச்சரிக்கைக் கொடியும் இருக்காது. அனுமதிக்கப்பட்ட இடத்தில் இடமில்லாமல் போவது இப்படி உயிர்ப் பிரச்சினையாகவும் மாறிவிடும்.

சிங்கப்பூர் இந்த விஷயத்தில் வேறு வழியில் போனது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் அமைந்தது. அலையோரப் பகுதியைத் தொடக்கத்திலேயே பூங்காவாக ஒதுக்கிவிட்டு, வீடுகளையும் சாலையையும் அதற்குப் பின்னால் வைத்தார்கள். விடுதிகள் முன்னால் வந்துவிட்ட ஊரில் அப்படிச் செய்ய முடியாது. இனிமேல் கட்டப்போகும் ஊரில் முடியும். சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் குடும்பங்கள் நேராகச் சாலையிலிருந்து மணலுக்கு இறங்க முடிவதும் முன்பக்கம் திறந்தவெளியாக விடப்பட்டதால்தான்.

தடுக்கப்பட்டால் என்ன செய்வது

அந்த இடத்திலேயே சண்டை போடுவதில் பயனில்லை. பாதுகாவலர் சம்பளத்துக்கு நிற்பவர். நிலஅளவை வரைபடம் அவரிடம் இருக்காது. அமைதியாகக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது விடுதியின் நிலமா, உரிமம் பெற்ற அரசு நிலமா? பதில் எதுவானாலும் பலகை, வேலி, நாற்காலி வரிசை, அலை எதுவரை வந்திருக்கிறது என்பது தெரியும்படி சில படங்கள் எடுத்து, தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளலாம். நேரம் முக்கியம். அன்றைய நீர்மட்டம் என்ன என்பதை நில அலுவலகம் அதை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

அரசு மணலில் வேலியோ கட்டுமானமோ இருந்தால் மாவட்ட நில அலுவலகத்துக்கும், வியாபாரி தொடர்பான புகார் என்றால் நகராண்மைக் கழகத்துக்கும் எழுத வேண்டும். இரண்டு அலுவலகமும் ‘எங்கள் வேலையில்லை, அவர்களுடையது’ என்று சொல்ல வாய்ப்புண்டு என்பதால், ஒரே கடிதத்தின் நகலை இரண்டுக்கும், கூடவே அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புவது நல்லது. விடுதியின் நில எல்லையைத் தெரிந்துகொள்ள விரும்பும் எவரும் நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திக் கெரான் விவரத்தைத் தேடிப் பார்க்கலாம். அதற்கு நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை.

ஆலயங்களும் சங்கங்களும் மாசி மகத்துக்கோ ஆடி அமாவாசைக்கோ கூட்டமாகச் செல்வதானால், முன்கூட்டியே நகராண்மைக் கழகத்திடம் எழுத்து அனுமதி வாங்கி, பேருந்து நிறுத்தும் இடத்தையும் அதிலேயே குறிப்பிடச் சொல்லலாம். அப்படி ஒரு கடிதம் கையில் இருந்தால் பாதுகாவலரிடம் பேச்சே தேவைப்படாது.

நிரந்தர மாற்றம் வேண்டுமென்றால் இடம் வேறு. ஊராட்சி மன்றங்கள் ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’ எனப்படும் உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும் காலத்தில் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். எந்த மனை சுற்றுலாவுக்கு, எந்த மனை பொதுப் பொழுதுபோக்குக்கு, கடலுக்குப் பாதை எங்கே என்பதெல்லாம் அந்த வரைபடத்தில்தான் தீர்மானமாகிறது. அறிவிப்பு நாளிதழ்களில் சின்ன எழுத்தில் வரும். பார்வைக்கு வைத்த மண்டபத்தில் மேம்பாட்டாளரின் ஆட்கள் இருப்பார்கள். தோட்டத்துச் சங்கத்துக்காரர்கள் அங்கே போவது அபூர்வம்.

தற்காலிக உரிமங்கள் டிசம்பர் 31-உடன் முடிவதால், அரசு மணலை அடைத்துக்கொண்ட நாற்காலிகள் பற்றிய கடிதம், புதுப்பிப்பு மேசைக்குப் போகும் முன்பே, அக்டோபர் மாதத்துக்குள் நில அலுவலகத்தில் சேர்ந்துவிடுவது நல்லது. கடிதத்தைக் கொடுக்கும்போது நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.